வாப்பாவும் தந்தையாரும்

தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு மாணவரைப் பல ஆண்டுகளாகப் பயிற்றி வருகிறேன். வீட்டில் 'வாப்பா' என்றழைக்கும் பிள்ளை கதையில் 'தந்தையார்' என்றெழுதுகிறது. சிவப்பு மைக்கு அவ்வளவு பயம். எம்.ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' 1999இலேயே தற்கால எழுத்துத் தமிழை விளக்கிவிட்டது. வகுப்பறைகள் பல இன்னும் அங்கு வந்து சேரவில்லை. கதைமாந்தரின் பேச்சில் வழுத் தேடுவது இலக்கணமுமல்ல, விமர்சனமுமல்ல.

மாணவரோடு உட்கார்ந்து நானும் எழுதுவதுண்டு. மூத்தம்மாமாரின் பேச்சை என்னிலும் நன்றாக அவர்கள் அறிவர். என் கதைகளின் உரையாடல் இறுகாமலிருப்பது அவர்களால்தான். ஒரு சிறுமியின் கதையில், வாப்பா கடலிலிருந்து திரும்பாத இரவில், உம்மா "சோத்தத் தின்னு மகள்" என்கிறாள். 'உணவருந்து' என்று திருத்தச் சொன்னார் நடுவர் ஒருவர். நான் உடன்படவில்லை. அந்த உம்மாவின் பயம் முழுவதும் அச்சொற்களில்தான் இருக்கிறது.