தந்தை பெயர்க் கோட்டையில் தனயன்

கரிபியக் கடலிலே கிரெனடா என்றொரு தீவு. சாதிக்காய் விளையும் பூமி. மக்கள் தொகை ஏறக்குறைய ஓர் இலட்சம். அங்கே 1979இல் எழுந்து 1983இல் வீழ்ந்த மாரிஸ் பிஷப்பை, மாவீரன் என்று மாலை சூட்டி முடித்துவிடுவோர் உண்டு. நம்மால் அப்படி முடிக்க இயலவில்லை.

1974 பிப்ரவரியில் வெள்ளையர் ஆட்சி விலகியது. அரியணையில் எரிக் கெய்ரி! 1951இல் தோட்டத் தொழிலாளரைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்திய அதே கெய்ரி. ஏழையின் தோழராய் ஏற்றம் பெற்றவர், 'கீரிப்படை' எனும் குண்டர் கூட்டத்தை ஏவிவிட்டார். ஐ.நா. மன்றத்திலே பறக்கும் தட்டுகளை ஆராயவேண்டும் என்று முழங்கினார். தீவிலே வறுமை, தலைவரின் பார்வையோ விண்ணிலே!

இலண்டனில் சட்டம் பயின்று திரும்பிய பிஷப்பை, 1973 நவம்பரில் அக்கூட்டம் குருதி சொட்ட அடித்தது. 1974 ஜனவரியில் அவருடைய தந்தை ரூபர்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். 1979 மார்ச் 13இல், கெய்ரி வெளிநாட்டில் இருந்த வேளையில், பிஷப்பின் நியூ ஜுவல் இயக்கம் ஆட்சியைப் பிடித்தது. முதியோர்க்கு எழுத்தறிவு, பெண்களுக்கு மகப்பேறு விடுப்புச் சட்டம், கியூபாவின் துணையுடன் விமான நிலையம். பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் அரசியல் சட்டம் முடக்கப்பட்டதே! தேர்தல் இல்லை. 'டார்ச்லைட்' ஏடு மூடப்பட்டது. விசாரணையின்றிச் சிறை. அமெரிக்காவின் மிரட்டல் மெய்தான். எனினும் மிரட்டலுக்கு விடை மக்களின் வாயைப் பூட்டுவதா? ஊர்க்கூட்டத்தில் மக்கள் பேசலாம். முடிவெடுப்பதோ மத்தியக் குழு.

அந்தக் குழுதான் 1983 செப்டம்பரில், துணைப் பிரதமர் பெர்னார்ட் கோர்டுக்கும் தலைமையில் பங்கு என்று கையுயர்த்தியது. தத்துவ நூலிலே கண்ட கட்டுப்பாடு பிஷப்பிடம் இல்லையாம்! வேதத்தை எரித்துவிட்டு வேறொரு நூலை வேதமாக்கியவர்களின் தீர்ப்பு அது. முதலில் இசைந்த பிஷப் பின்னர் தயங்கினார். அக்டோபரில் வீட்டுக் காவல். மக்களிடம் கேட்டார்களா? கேட்க வாக்குப் பெட்டி இல்லை. எதிர்த்தெழுத ஏடு இல்லை. விசாரணை கோரவும் வழியில்லை. அந்த வழியை அடைத்தது பிஷப்பின் ஆட்சியே.

எஞ்சியது தெரு ஒன்றுதான். அக்டோபர் 19இல் ஆயிரக்கணக்கானோர் திரண்டு அவரை மீட்டு, கோட்டைக்கு அழைத்துச் சென்றனர். தந்தையின் நினைவாக அவரது ஆட்சி 'ரூபர்ட் கோட்டை' எனப் பெயரிட்ட இடம். கவச வண்டிகள் வந்தன. கூட்டத்தின்மீது குண்டு பொழிந்தது. கல்வி அமைச்சர் ஜாக்குலின் கிரெஃப்ட் உள்ளிட்ட எழுவருடன் பிஷப்பைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டவர்கள் அவருடைய படையினரே!

ஆறே நாளில் ரீகனின் படை இறங்கிற்று. ஐ.நா. பொதுச்சபை 108 வாக்குகளால் கண்டித்தது, படை அசையவில்லை. காத்து நிற்கவேண்டிய மக்களோ, தலைவரைப் பறிகொடுத்து ஊரடங்கிலே கிடந்தனர்.

2009இல் அந்த விமான நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அடக்கம் செய்ய உடல் மட்டும் குடும்பத்தாருக்குக் கிடைக்கவேயில்லை.