அவர் ஏன் சுடவில்லை?

ஆஸ்டராய்ட்ஸ் என்ற ஆர்கேட் ஆட்டத்தின் ஸ்ட்ரீமில் நம் ஆட்டக்காரர் வந்து உட்கார்ந்தால் போதும், சாட்டில் கொட்டாவி எமோஜிகள் வரிசைகட்டிவிடும். 'கல்லை உடைக்கப் பயம்', 'நேரம் கடத்துகிறார்', 'இதெல்லாம் ஒரு ஆட்டமா?' வர்ணனையாளர்களும் சளைத்தவர்கள் அல்லர். திரையில் ஒரே ஒரு பாறை மிச்சமிருக்க, அவருடைய முக்கோணக் கப்பல் ஓரத்தை ஒட்டி விரைந்துகொண்டிருக்கும். 'பாதுகாப்பு ஆட்டம்' என்று முத்திரை குத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நான் அவர் கட்சி என்பதை மறைக்கப்போவதில்லை. இந்த ஆட்டத்தில் அவரைவிடத் துணிந்து தாக்குகிறவர் இன்றைக்கு யாருமில்லை என்பதே என் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெரிய பாறைக்கு 20 புள்ளி. அது பிளந்து இரண்டு நடுத்தரப் பாறையாகும், ஒவ்வொன்றுக்கும் 50. அவை நான்கு சிறு பாறையாகும், ஒவ்வொன்றுக்கும் 100. ஆக ஒரு பெரிய பாறையை அடியோடு துடைக்கக் குறைந்தது ஏழு குண்டு வேண்டும். கைக்கு வருவது 520 புள்ளி. சின்னப் பறக்கும் தட்டுக்கோ ஒரே குண்டில் 1,000. 10,000 புள்ளிக்கு ஒரு கப்பல் கூடுதலாகக் கிடைக்கும் என்றால், பத்துத் தட்டு விழுந்தால் ஓர் உயிர். அதே உயிரைக் கல் உடைத்துச் சம்பாதிக்க, ஏறக்குறைய இருபது பெரிய பாறைகளைப் பொடியாக்க வேண்டும். மிச்சமிருக்கும் கல்லையும் உடைத்தால் அந்தச் சுற்று முடிந்து, புதுப் பாறைகள் கூட்டமாக வந்துவிடும். ஒன்றை விட்டுவைத்தால் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவும் ரசிகர்களுக்குத் தெரிந்ததுதான். எல்லோரும் கோட்டை விடுவது அடுத்த இடத்தில்.

இந்த ஆட்டத்தில் நம் குண்டுகள் ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் திரையில் இருக்க முடியாது. இலக்கில் பட்ட குண்டு உடனே மறைந்து இடம் விடும். தப்பிய குண்டு தன் ஆயுள் முடியும்வரை சும்மா பறந்துகொண்டிருக்கும். அதுவரை அந்த இடம் பூட்டிக் கிடக்கும். பதற்றத்தில் நாலையும் இறைத்துவிட்டு, தட்டு தலைகாட்டும்போது வெறும் பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கும் 'அதிரடி'க்காரர்களை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! நம்மவர் விசையைத் தொடாத நேரம் முழுக்க அவர் துப்பாக்கி நிறைந்திருக்கிறது. சுடாமல் இருப்பதும் அவர் எடுக்கும் முடிவுதான். அந்த முடிவை அவர் நொடிக்கு நொடி புதிதாக எடுக்கிறார்.

அவர் ஓரத்தில் கிடப்பதும் சோம்பலால் அல்ல. தட்டு இடப்பக்கமிருந்தோ வலப்பக்கமிருந்தோதான் நுழையும். இந்த ஆட்டத்தில் வல விளிம்பைத் தாண்டினால் இட விளிம்பு. வலது ஓரத்தில் இருப்பவருக்கு, எதிர் ஓரத்தில் நுழையும் தட்டு பார்வைக்குத்தான் தொலைவு. விளிம்பைத் தாண்டிச் சுட்டால் குண்டுக்குக் கூப்பிடு தூரம். 1979-இல் அட்டாரி வெளியிட்ட மூல ஆட்டத்தில் தட்டுக்கு இந்தக் குறுக்குவழி தெரியாது. அது திரையின் குறுக்கே நீட்டிக் குறிபார்க்கும். இருவருக்கும் நடுவே ஒரே இடைவெளிதான்; அவருக்கு அது சின்னது, தட்டுக்குப் பெரியது. கிட்டத்தில் பட்ட குண்டு உடனே இடம் விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தை அவர் ஏன் பிடித்துக்கொள்கிறார் என்று தெரியும்.

இதில் இன்னொரு வேலையும் இருக்கிறது. தட்டின் குண்டும் பாறையை உடைக்கும். கடைசிக் கல்லைத் தட்டே உடைத்துவிட்டால் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஏற்பாடு கலைந்துவிடும், புள்ளியும் கிடைக்காது. அதனால் தட்டு தாறுமாறாகச் சுடத் தொடங்குமுன் அதை வீழ்த்தியாக வேண்டும். புள்ளி ஏற ஏறச் சின்னத் தட்டின் குறியும் கூர்மையாகிறது. போதாததற்குப் பின்னணியில் அந்த 'டும்… டும்' வேகமெடுத்து, சுடு சுடு என்று விரலை உசுப்பும். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்காத ஆட்டக்காரர்கள் மிகச் சிலரே.

சிலர் இதை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடுவதோடு ஒப்பிடுகிறார்கள். பாதிதான் பொருந்தும். அங்கே விட்ட பந்து கீப்பர் கைக்குப் போய்விடும். இங்கே விட்ட கல் சுற்றிச் சுற்றி வரும், எந்தச் சுற்றிலும் முட்டும். ஆபத்தைத் துடைத்துவிடும் வாய்ப்பு கையிலிருந்தும் அதை வைத்துக்கொண்டே ஆடுகிறவரைக் கோழை என்கிறார்கள்!

'விதியின் ஓட்டையில் புகுந்து ஆடுகிறார்' என்பது அடுத்த குற்றச்சாட்டு. 1981-இல் வந்த ஆஸ்டராய்ட்ஸ் டீலக்ஸைச் சாட்சிக்கு இழுப்பார்கள். இந்தத் தட்டு வேட்டையை முடக்கத்தான் அதில் மாற்றங்கள் செய்தார்கள்; தட்டு விளிம்பைத் தாண்டியும் குறிபார்க்கக் கற்றுக்கொண்டது. சரி. ஒரு பாணியைத் தடுக்க ஆட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது என்றால், அதைவிடப் பெரிய பாராட்டு ஏது? மூல ஆட்டத்தில் அது விதிக்கு உட்பட்டதே.

இந்தக் குடும்பத்து ஆட்டங்கள் பலவும் குண்டுச் சிக்கனத்தின் மேல் கட்டப்பட்டவை. 1978-இல் டைட்டோ தந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நமக்குத் திரையில் ஒரே குண்டுதான். படைகளைக் கடைசி வரிசைவரை இறங்கவிட்டு, அவற்றின் குண்டு நம்மைத் தொட முடியாத நெருக்கத்தில் சுடும் 'நகோயா' உத்தியை ஜப்பானிய ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். நாம்கோவின் கலாகாவில் இரண்டு குண்டு. சொந்தக் கப்பலை எதிரி பிடித்துப் போகவிட்டு, பிறகு மீட்டு, இரட்டைக் கப்பலாக ஆடுகிறவர்களை யாரும் திட்டுவதில்லை. நம்மவருக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

இனி ஆரூடம். ஒன்று: நம்மவர் டீலக்ஸுக்கு மாறினாலும் ஜெயிப்பார். அங்கே, மறைந்து வேறிடத்தில் தோன்ற உதவும் ஹைப்பர்ஸ்பேஸுக்குப் பதில் கவசம் உண்டு. பயன்படுத்தப் பயன்படுத்த அது தேயும். சிக்கனம் தெரிந்தவருக்கு அது வரம், அதிரடிக்காரர்கள் முதல் இரண்டு சுற்றிலேயே கவசத்தைக் கரைத்துவிடுவார்கள். இரண்டு: அடுத்த நல்ல தட்டு வேட்டைக்காரர்கள் பழைய ஆர்கேட் ஆசாமிகளிலிருந்து வரமாட்டார்கள். எலைட் டேஞ்சரஸ் போன்ற ஆட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து வருவார்கள். அங்கே லேசரை அழுத்திப் பிடித்தால் ஆயுத மின்சாரம் வற்றும், கப்பல் சூடேறும். விரலை எடுக்கும் பழக்கம் அவர்களுக்குத் தானாக வந்திருக்கும். மூன்று: பார்வையாளர்களைத் தக்கவைக்கப் போட்டி நடத்துபவர்கள் நேர வரம்பு கொண்டுவருவார்கள். ஒரு மணி நேரம் என்று வைத்தால் கோப்பை நம்மவருக்குத்தான், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் என்று வைத்தால் மட்டும் நான் பந்தயத்துக்கு வரவில்லை.