ஆப்டிமைஸ்லி: ஆளுக்கொரு முகப்புப் பக்கம்

இணையதளத் தனிப்பயனாக்க மென்பொருள் என்பது, ஒரே முகவரிக்கு வருகிற வெவ்வேறு ஆட்களுக்கு, அவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தக் கருவியில், எந்த விளம்பரத்தைத் தொட்டு வருகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பக்கத்தின் படம், தலைப்பு, பட்டன் முதலியவற்றை மாற்றிக் காட்டும் ஏற்பாடாகும். இத்துறையில் பரவலாக அறியப்பட்ட ஆப்டிமைஸ்லி, கூகுளில் பணியாற்றிய டான் சிரோக்கர், பீட் கூமன் ஆகிய இருவரால் 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் சிறு ஸ்டார்ட்அப் நிறுவனமாகத் தொடங்கப்பட்டு, 2015இல் தனிப்பயனாக்க வசதியைச் சேர்த்துக்கொண்டது. 2020இல் அதை விலைக்கு வாங்கிய எபிசர்வர் நிறுவனம், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தன் பெயரை விட்டு, வாங்கப்பட்ட நிறுவனத்தின் பெயரையே சூட்டிக்கொண்டது. வணிக உலகில் இது அடிக்கடி நடப்பதில்லை.

இம்மென்பொருளின் போக்கைப் புரிந்துகொள்ள, சிரோக்கர் பணியாற்றிய 2008ஆம் ஆண்டு ஒபாமா தேர்தல் பிரசாரத்தைப் பார்க்க வேண்டும். பிரசாரத் தளத்தின் முகப்புக்கு நான்கு பட்டன்களும், படங்களும் வீடியோக்களுமாக ஆறு காட்சிகளும் கலந்து 24 வடிவங்கள் உருவாக்கப்பட்டு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வருகையாளர்களுக்குப் பிரித்துக் காட்டப்பட்டன. பிரசாரக் குழுவினர் வெல்லும் என்று எதிர்பார்த்தது ஒரு வீடியோ. ஆனால் வீடியோக்கள் அனைத்துமே படங்களுக்குப் பின்தங்கிவிட, குடும்பப் படமும் ‘மேலும் அறிக’ என்ற பட்டனும் சேர்ந்த வடிவம், பதிவு செய்வோர் விகிதத்தை 8.26 விழுக்காட்டிலிருந்து 11.6 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அனுபவசாலிகளின் ஊகமே இவ்வாறு பொய்த்துப்போகக்கூடும் என்னும்போது, ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒவ்வொரு ஊகம் செய்யும் தனிப்பயனாக்கத்தில் பிழைக்கான வாய்ப்பும் அந்த அளவுக்குப் பெருகவே செய்யும்.

மென்பொருளை இயக்கத் தொடங்குவது எளிது. ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பக்கத்தின் தலைப்பகுதியில் ஒட்டிவிட்டால், தளம் அப்படியே ஒரு திருத்தும் திரைக்குள் திறக்கிறது. தலைப்பைத் தொட்டு வேறு சொல் எழுதலாம், படத்தை மாற்றலாம், பட்டனை இடம் நகர்த்தலாம். அடுத்த வேலை, யாருக்கு எது என்று வகுப்பது. ஊர், கருவி, பிரௌசர், புதியவரா திரும்பி வருபவரா என்பன போன்ற நிபந்தனைகளை அடுக்கி ஒரு பிரிவை அமைக்கலாம். சியாட்டிலிலிருந்து வருபவருக்கு மழைக்கோட்டும் சான் டியேகோவிலிருந்து வருபவருக்குக் குளிர்கண்ணாடியும் காட்டும் கடை இதற்குச் சரியான உதாரணம். ஒருவரே இரு பிரிவுகளில் அடங்கினால், பட்டியலில் மேலே இருப்பதே செல்லும். அதனால் பிரிவுகளின் வரிசையை அமைப்பதற்குத்தான், படங்களைத் தேர்ந்தெடுப்பதை விடக் கூடுதல் யோசனை தேவைப்படுகிறது.

இம்மென்பொருளின் மிகச் சிறந்த பகுதி, விற்பனைப் பேச்சில் அதிகம் அடிபடாத ஓர் அமைப்பு. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சிறு பங்கினருக்கு, இயல்பிருப்பாக 5 விழுக்காட்டினருக்கு, எந்த மாற்றமும் செய்யாமல் பழைய பக்கத்தையே காட்டி, மற்றவர்களின் நடத்தையை இவர்களோடு ஒப்பிட்டுத்தான் பலன் கணக்கிடப்படுகிறது. இந்த ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால், பண்டிகைக் காலத்தில் தானாகவே ஏறும் விற்பனையைக்கூடத் தனிப்பயனாக்கத்தின் சாதனையாக எழுதிக்கொள்ள முடியும். முடிவு வருமுன் அடிக்கடி எட்டிப் பார்த்து, சாதகமான நாளில் சோதனையை நிறுத்திவிடும் பழக்கத்தால் வரும் பிழையைக் குறைக்க, 2015இல் ஸ்டான்ஃபோர்டு புள்ளியியலாளர்களின் துணையோடு உருவாக்கப்பட்ட கணக்கீட்டு முறையும் உள்ளே இருக்கிறது.

எனினும் இந்த நேர்மைக்கு ஒரு விலை உண்டு. மாதம் 20,000 பேர் வரும் ஒரு தளத்தில் சியாட்டில்காரர்கள் 2,000 பேர் என்று கொண்டால், ஒப்பீட்டுக் குழுவில் அமைவோர் 100 பேர்தான். நூற்றுக்கு மூவர் வாங்குவது வழக்கம் என்றால், ஒரு மாதத்தில் ஒப்பிடக் கிடைப்பது மூன்று வாங்கல்கள். தற்செயலாக இன்னும் இருவர் வாங்கினாலே 3 விழுக்காடு 5 ஆகிவிடும். பங்கை 5 விழுக்காட்டிலிருந்து கூட்டினால் ஒப்பீடு உறுதிப்படும். ஆனால் பலன் தரக்கூடிய பக்கத்தைக் காண்போர் குறைவர். லட்சக்கணக்கில் வருகை இல்லாத தளங்களுக்கு இச்சிக்கலிலிருந்து எளிதில் மீட்சி இல்லை.

தொழில்நுட்பக் குறைகள் இரண்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். மாற்றங்கள் வருகையாளரின் பிரௌசரிலேயே நிகழ்வதால், நிரல் தாமதமாக ஏறினால் பழைய பக்கம் ஒரு கணம் மின்னி மறைந்த பிறகே புதியது வருகிறது. இதைத் தவிர்க்க நிரலைத் தலைப்பகுதியில் மிக மேலே வைத்தாலோ, அது ஏறி முடியும்வரை பக்கமே காத்திருக்கிறது. மேலும், தளத்தில் அமைக்கும் தனிப்பயனாக்க ஏற்பாடுகள் கூடக்கூட நிரலின் எடையும் கூடும் என்பதால், முடிந்துபோனவற்றை அவ்வப்போது நீக்கிவிடுவது நல்லது. இரண்டாவது குறை நிறுவனத்தின் கையில் இல்லை. சஃபாரி பிரௌசர் 2019 முதல், நிரலால் எழுதப்படும் குக்கீகளை, அதாவது வருகையாளரை அடையாளம் காணப் பிரௌசரில் விடப்படும் சிறு குறிப்புகளை, ஏழு நாளில் அழித்துவிடுவதால், ஒன்பதாம் நாள் திரும்பி வரும் ஐபோன்காரர் புதியவராகவே எண்ணப்படுவார். ‘திரும்பி வருபவர்’ என்னும் பிரிவை நம்பிச் சலுகை அறிவிக்கும் கடைகள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

நிறையப் பேர் வந்துபோகும் வணிகத் தளங்களுக்கும், சோதனைகளை வகுத்து முடிவுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது பணியில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் ஆப்டிமைஸ்லி தயக்கமின்றிப் பரிந்துரைக்கத் தக்கது. சிறு தளங்களுக்கு இலவசமாகக் கைகொடுத்து வந்த கூகுள் ஆப்டிமைஸ் 2023 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது என்பதற்காக அவை இங்கு ஓடிவரத் தேவையில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு முகப்பையே நன்றாக எழுதி, வேகமாகத் திறக்கும்படி செய்வது அவற்றுக்குப் போதும்.