நாலு மணி நேர வாரம்: செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஒரு வாசிப்பு

டிம் ஃபெரிஸ் எழுதிய 'தி ஃபோர் ஹவர் ஒர்க்வீக்' 2007-ல் வெளிவந்தது. விரிவாக்கிய பதிப்பு 2009-ல். இணையத்தில் கடை போட்டவர்கள், போட நினைப்பவர்கள் யாரிடம் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பெயர் வந்துவிடும். படிக்காதவர்களும் அதன் சாரத்தை ஏதாவது யூட்யூப் வீடியோவில் கேட்டிருப்பார்கள். பிஸியாக இருப்பது வேறு, வேலை நடப்பது வேறு, தேவையில்லாததை வெட்டு, வெட்ட முடியாததை வேறொருவரிடம் கொடு, மிச்ச நேரத்தில் வாழ்.

இதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதியில் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது என்பது என் வாதம். அந்தக் கணக்கு அமெரிக்காவிலிருந்து பார்த்தால் தெரியாது. ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இந்தத் தலைப்பை ஃபெரிஸ் எப்படித் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? சில தலைப்புகளை கூகுள் விளம்பரங்களாக ஓடவிட்டு, எதற்கு அதிகம் கிளிக் விழுகிறது என்று பார்த்து. ஆகவே அந்த 'நாலு' என்பதை யாரும் அளந்து சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கிளிக் வாங்கிய எண்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபெரிஸ் இணையத்தில் ஊட்டச்சத்து மாத்திரை விற்றவர். ஒரு கட்டத்தில் தன் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து வைத்து எண்ணியிருக்கிறார். மொத்தமாக வாங்குகிற 120-க்கும் மேற்பட்டவர்களில் 5 பேர்தான் 95 சதவீத வருமானத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நேரமோ மற்றவர்களைத் துரத்துவதில் போயிருக்கிறது. துரத்துவதை நிறுத்திவிட்டார். இன்னொன்று, வாடிக்கையாளர் சேவைக்கு அமர்த்திய ஆட்கள் ஒவ்வொரு சின்னப் பிரச்சினைக்கும் அவருக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 100 டாலருக்குள் தீர்கிற எதையும் என்னைக் கேட்காமல் நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒரு விதி போட்டார். மெயில் வெள்ளம் வடிந்தது.

இந்த இரண்டும் பொறியாளர் மனசுக்குப் பிடிக்கிற விஷயங்கள். ஒரு ப்ரோகிராம் மெதுவாக ஓடினால் முதலில் ப்ரொஃபைலர் போட்டு நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஊகத்தில் கோடை மாற்றுபவன் நாள் முழுக்க வேலை செய்வான், ப்ரோகிராம் அதே வேகத்தில் ஓடும். அந்த 100 டாலர் விதியோ, முடிவெடுக்கும் உரிமையைப் பிரச்சினை நடக்கிற இடத்துக்கே கொண்டுபோய் வைக்கிறது. புத்தகத்தில் இதைவிட உருப்படியான பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, எட்டாம் அத்தியாயத்துக்கு வருவோம். வாழ்க்கையையே அவுட்சோர்ஸ் செய்வது பற்றியது. ஏ.ஜே. ஜேக்கப்ஸ் 2005-ல் எஸ்குயர் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரை இதில் வருகிறது. பெங்களூரில் இருக்கும் நிறுவனங்கள் மூலம் உதவியாளர்களை வைத்துக்கொண்டு, மெயில் எழுதுவது, மேலதிகாரிக்குப் பதில் சொல்வது, மனைவியிடம் மன்னிப்புக் கேட்பது வரைக்கும் அவர்களிடம் ஒப்படைக்கிறார். கடைசியில் தன் கவலையைக்கூட. எனக்குப் பதிலாக நீங்கள் கவலைப்படுங்கள் என்கிறார், அந்தப் பக்கம் சரி என்கிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது, நானும் சிரித்தேன்.

ஆனால் சாயங்காலம் பரனூர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலிருந்து ஒரு கூட்டம் வீட்டுக்குக் கிளம்புகிறது, இன்னொரு கூட்டம் உள்ளே போகிறது. உள்ளே போகிறவர்களுக்கு அப்போதுதான் காலை. சிறுசேரியிலும் இதே காட்சி. ஒருவருடைய நாலு மணி நேர வாரத்தின் மிச்ச மணிகள் காணாமல் போய்விடவில்லை. ஷிப்ட் கேப் ஏறி இங்கே வந்திருக்கின்றன. ஃபெரிஸ் இதற்கு 'ஜியோ ஆர்பிட்ராஜ்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார். டாலரில் சம்பாதி, ரூபாயில் செலவு செய். வியாபாரமாக அதில் தப்பில்லை. எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகள் அந்த ரூபாயில் கட்டியவைதான். ஆனால் அதற்கு 'உற்பத்தித் திறன்' என்று பெயர் வைக்கும்போதுதான் இடிக்கிறது. ஒரு பொருளைச் செய்து முடிக்க மொத்தம் எவ்வளவு உழைப்பு ஆனது என்பதுதான் உற்பத்தித் திறன். முதலாளி எவ்வளவு நேரம் நாற்காலியில் இருந்தார் என்பது வேறு கணக்கு.

இதற்கு நேர் எதிர்க் கோஷ்டியும் இதே தப்பைத்தான் செய்கிறது. நாராயண மூர்த்தி 2023-ல் வாரத்துக்கு 70 மணி நேரம் என்றார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி என்று சொன்னது 2025 ஜனவரியில் பெரிய சர்ச்சையானது. நாலு, எழுபது, தொண்ணூறு. எண்தான் மாறுகிறது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

எங்கள் மாவட்டத்திலேயே வேறு விதமாக நடந்த ஓர் இணைய வியாபாரமும் உண்டு. கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் வளாகம் வைத்திருக்கும் ஸோஹோ. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-ல் பெயர் மாறி, வெளி முதலீட்டாளர் காசு வாங்காமல் வளர்ந்தது. கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளை எடுத்துத் தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறது. இதை விளம்பரமாகச் சொல்லவில்லை, அங்கேயும் குறை இருக்கும். ஆனால் ஃபெரிஸ் 'தள்ளிவிடு' என்று சொல்கிற இடத்தில் இவர்கள் 'சொல்லிக்கொடு' என்று போயிருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிற முதல் வருஷங்கள் எந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலும் நேர விரயமாகத்தான் தெரியும்.

இப்போது கடற்கரைப் பக்கம். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அவருக்காகத்தான் இந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கொரோனாவுக்குப் பிறகு அவருடைய வியாபாரத்தில் பாதி இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. போன வருஷம் பார்த்தபோது சொன்னார், "ஃபோனக் கீழ வைக்க முடியல தம்பி. உளி புடிச்சு மூணு மாசம் ஆவுது."

"விசாரிக்கிறவங்கள்ல எத்தன பேருண்ணே வாங்குறாங்க?"

"அத யாரு எண்ணுனா?"

எண்ணினோம். பெரும்பாலான உரையாடல்கள் 'ரேட்?' என்ற ஒற்றைச் சொல்லில் தொடங்கி, இவர் பதில் போட்டதோடு முடிந்தவை. ஆர்டராக மாறியவை ஏறக்குறைய எல்லாமே இரண்டு வகை. ஊர்க் கோயில் திருப்பணிக் குழுக்கள், வெளிநாட்டில் கோயிலோ பெரிய வீடோ கட்டுகிறவர்கள். ஃபெரிஸின் 120-க்கு 5, அப்படியே கல்லில். மிச்சப் பேரை விட்டுவிடலாமே என்று புத்தகப்படி சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு அரையடிப் பிள்ளையார் கேட்பவர் பத்து வருஷம் கழித்து ஊர்க் கமிட்டியில் உட்கார்ந்திருப்பார் என்றார். கல் தொழிலில் வாடிக்கையாளர் அப்படித்தான் முளைக்கிறார். மாத்திரை விற்கிறவருக்கு அந்தப் பத்து வருஷம் கிடையாது.

புத்தகம் இன்னொரு இடத்திலும் இங்கே தடுக்கி விழுகிறது. ஃபெரிஸுக்கு மெயில், ஃபோன், மீட்டிங் எல்லாமே இடைஞ்சல். நாளைக்கு இரண்டு முறை மெயில் பார்த்தால் போதும் என்பார். ஆனால் திருப்பணிக் குழுவோடு ஸ்தபதி பேசுகிற பேச்சு இடைஞ்சல் இல்லை. கருவறை வாசல் எவ்வளவு உயரம்? மூலவர் நின்ற கோலமா, இருந்த கோலமா? பீடம் ஏற்கெனவே இருக்கிறதா? மூலவரின் உயரம் வாசல் அளவிலிருந்து வருகிறது; அதில் பிசகினால் எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் அந்தச் சிலை உள்ளே போகாது. வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் இது பழம்பொருள் இல்லை என்று தொல்லியல் துறைச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும். ஃபோனைத் தொட்டால் பிஸி, உளியைத் தொட்டால் வேலை என்று பிரிக்க முடியாது. வாசல் அளவு கேட்கிற ஃபோன் செதுக்கலின் முதல் கொத்து. 'ரேட்?' என்பதற்கு நாற்பதாவது முறை பதில் போடுவது அப்படி அல்ல.

எந்த வேலையை முதலில் முடிப்பது என்பதற்கு அந்த ஊரிலேயே நல்ல பாடப் பொருள் நிற்கிறது. ஐந்து ரதம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் யானையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தர்மராஜ ரதத்தின் உச்சியைப் பார்த்துவிட்டு அப்படியே கண்ணைக் கீழே இறக்குங்கள். மேல் தளங்களில் உருவங்கள், வேலைப்பாடு எல்லாம் தீர்க்கமாக இருக்கும். கீழே வர வர முரடாகிவிடும். பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம் இரண்டிலும் இன்னும் தெளிவாகத் தெரியும். மேலிருந்து கீழே செதுக்கினால் சாரம் கட்ட வேண்டாம். வெட்டாத பாறைமேலேயே நிற்கலாம். உதிர்கிற சில்லு முடிந்த வேலையைக் கெடுக்காது. அதைவிட முக்கியமாக, என்றைக்கு நிறுத்தச் சொன்னாலும் கோட்டுக்கு மேலே இருப்பது முடிந்த வேலை. திரும்பத் தொட வேண்டியதில்லை.

வித்யா தெஹேஜியாவும் பீட்டர் ராக்வெல்லும் 2011-ல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. குடைவரைக் கோயில்களில் 'முடிந்தது' என்பதே நெகிழ்வான கருத்து என்பது அவர்கள் வாதம். நாம் குறைவேலை என்று பார்ப்பதைச் செய்வித்தவர்கள் போதும் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். ராக்வெல் கல் செதுக்கிய சிற்பி என்பதால் உளித் தடத்தைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தார். (பல்லவச் சிற்பியை ஸ்டார்ட்அப் குருவாக்க வரவில்லை. தொடங்கிவிட்டுக் கைவிட்ட பாறைகள் அந்த ஊர் முழுக்கக் கிடக்கின்றன.) நண்பரின் வாட்ஸ்அப்பைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, நாற்பது பாறைகளை ஒரே நேரத்தில் லேசாகக் கொத்திவிட்ட மாதிரி இருக்கிறதே என்று. எல்லாவற்றிலும் தடம் இருக்கிறது, எதிலும் கோடு இல்லை.

இன்றைய பட்டறையில் 'முடிந்தது' என்பதற்குக் குழப்பமே கிடையாது. கண் திறப்பு. மற்ற எல்லாம் ஆன பிறகு கடைசியாகத்தான் கண். மென்பொருளில் 'டன்' என்றால் என்ன என்று மணிக்கணக்கில் விவாதம் செய்த கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான பதில் அங்கே கிடைத்ததில்லை.

ஜியோ ஆர்பிட்ராஜுக்கு மாமல்லபுரத்திலும் ஒரு சின்ன வடிவம் உண்டு. முரட்டு வெட்டும் பாலிஷும் தினக்கூலி ஆட்களிடம் போய்விட்டன, கையில் கிரைண்டர் மெஷினோடு. பட்டறை முதலாளியின் நேரம் மிச்சமாகிறது, உண்மை. கருங்கல் தூளில் சிலிகா இருக்கிறது. வருஷக்கணக்கில் மூச்சில் போனால் சிலிக்கோசிஸ், வந்தால் குணமாக்க மருந்து இல்லை. தூள் பறக்கிற இடத்தில் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மிச்ச நேரத்தில் பங்கு கிடையாது. ஃபெரிஸின் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. மாத்திரை விற்றவரிடம் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் இந்தப் புத்தகத்தைத் தமிழில் சுருக்கிச் சொல்கிற நம் ஊர் பயிற்சியாளர்களிடம் எதிர்பார்க்கலாம் இல்லையா?

நண்பர் எதை எடுத்துக்கொண்டார் என்றால், 100 டாலர் விதியை. சின்னச் சிலைகளுக்கு அளவும் விலையும் போட்டு ஒரே படமாகத் தயார் செய்தாயிற்று. ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் பேரம், அனுப்புகிற செலவு எல்லாம் மகன் முடிவு செய்வார், அப்பாவைக் கேட்க வேண்டாம். கோயில் குழு என்றால் மட்டும் ஃபோன் அப்பாவிடம் போகும், எந்த நேரமானாலும். கிரைண்டர் இடத்தில் தண்ணீர் விட்டு வெட்டுவது பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குச் செலவு இருக்கிறது, இன்னும் முடிவாகவில்லை.

புத்தகத்தை வாங்கப் போகிறவர்களுக்கு: ஐந்து முதல் ஏழு வரையான அத்தியாயங்களைப் பென்சிலோடு படியுங்கள். எட்டாவதைப் படிக்கும்போது, வீட்டில் யாராவது நைட் ஷிப்ட் போகிறவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வருகிற, யாரோ செய்த சரக்கைக் கையால் தொடாமல் விற்கிற பகுதிகளை, சொந்தமாகப் பொருள் செய்கிறவர்கள் புரட்டிவிட்டுப் போகலாம். அத்தியாயக் கடைசியில் கொடுத்திருக்கும் இணையதளங்களில் பல இன்றைக்கு இல்லை.