வாளும் உப்பும்

கவசம் பூண்ட ஐரோப்பிய நைட்டும் ஜப்பானியச் சாமுராயும் மோதினால் யார் ஜெயிப்பது? நம்ம பையன்களும் கேட்கிற கேள்விதான். இருவரும் களத்தில் சந்தித்துக்கொண்டவர்கள் அல்லர். ஆனாலும் கேள்வி சாகமாட்டேன் என்கிறது. 'எவன் பெரியவன்' என்று கேட்கும்போதே, போர் என்பது இரண்டு மேல்குடி ஆண்களின் விவகாரம் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

களம் வேறு கதை சொல்கிறது. நைட் ஈட்டியை அக்குளில் இடுக்கிக் குதிரையில் பாய்ந்தான். வில் அவனுக்குக் கீழ்மக்களின் ஆயுதம். சாமுராயோ தொடக்கத்தில் குதிரைமேலிருந்து அம்பெய்தவன். வாளே அவன் ஆன்மா என்பது பெரும்பாலும் போர் ஓய்ந்த தோக்குகாவா காலத்துச் சொல்லாடல். 1415இல் அஜின்கோர்ட் சேற்றில் பிரெஞ்சுப் பிரபுக்களைச் சாய்த்ததில் பெரும்பங்கு சாதாரண ஆங்கில வில்லாளிகளுடையது. 1575இல் நாகஷினோவில் தக்கேடா குதிரைப்படையை மரவேலிக்குப் பின்னாலிருந்து சுட்டவர்கள் அஷிகாரு என்ற காலாட்கள். ஜெயித்தவன் அந்தக் கேள்விக்குள்ளேயே இல்லை.

மரக்காணத்து உப்புப் பாத்தியில் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 1356இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு அரசன் ஜான் பிடிபட்டான். அவனை மீட்கும் பணத்துக்காக 1360இல் விதித்த வரிகளில் உப்பு வரியும் ஒன்று. தக்கேடா நாட்டுக்கு மற்றவர்கள் உப்பை நிறுத்தியபோது, அவன் எதிரியான உயெசுகி கென்ஷின் உப்பு அனுப்பினான் என்று ஜப்பானில் ஒரு கதை உண்டு. பெருந்தன்மை கென்ஷினுடையது, சரி. உப்பை விளைவித்தவன் யாரப்பா?

சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. உமணர் வண்டிகளும் உமட்டியர் பெற்ற பிள்ளைகளும் அதே பாட்டில்தான் வருகிறார்கள். நாம் நினைவில் வைத்துக்கொண்டதோ அரசனை மட்டும்.

இது வெறும் இலக்கிய மறதி அல்ல. 'நாங்க ஆண்ட பரம்பரை' என்ற பேச்சு இந்த மறதியில்தான் வேர்விடுகிறது. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் வன்னியர் சங்க விழா நடந்த நாளில், மரக்காணத்தில் மோதல் மூண்டது. தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. செத்த ராஜாக்களின் வாளை உழைக்கிற சனங்கள் ஒருவர்மேல் ஒருவர் ஓங்க வைப்பதே வீரக் கதையாடலின் அரசியல்.

உப்பளத்தில் கூலிக்கு இறங்குகிற ஆணும் பெண்ணும், எந்தச் சாதியானாலும், நைட்டின் வாரிசுகள் அல்லர். அந்த வில்லாளியின், காலாளின் வாரிசுகள். 'யார் ஜெயிச்சா?' என்பதை விடுவோம். யாரை வரலாறு உப்பாகக் கரைத்தது என்று கேட்போம்.