போர் வழியில் கிடைத்த பிள்ளை

புவனகிரி வட்டாரத்தில் மூத்தோர் சிலர், எளிதில் பிடிபடாத தந்திரக்காரனை 'அவன் எம்டன்' என்று சொல்வதை இன்றும் கேட்கலாம். சொல்பவருக்கு அச்சொல்லின் பிறப்பு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு இருளில் மறைந்த செருமானியப் போர்க்கப்பலின் பெயர் அது. கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே கோக்கோசுத் தீவருகே அழிந்தது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. முதல் உலகப்போர் நமக்கு விட்டுச்சென்ற சொத்துகளுள் இவ்வொரு சொல்லும் சேரும்.

இரண்டாம் உலகப்போர் சொல்லாக வரவில்லை, பசியாக வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் சப்பானியர் கையில் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. வெள்ளாற்றங்கரை நெல் விளையும் பூமிதான். ஆயினும் நாடு முழுதும் தட்டுப்பாடு வந்தபோது விளைகின்ற ஊருக்கென்று தனி வழக்கு உண்டா? அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. 1943-ல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு வந்தது. கைத்தறியாளர் நூலுக்குத் தவித்தனர். குண்டு விழாத ஊர்களிலும் போர் அடுப்பங்கரை வரையில் வந்துவிட்ட காலம் அது.

இத்தகைய போர் மனித உள்ளத்தை, அதன் நம்பிக்கைகளை, சாதியும் மதமுமாகக் கட்டப்பட்ட நம் சமூகத்தை எவ்வாறு மாற்றியது என்று தமிழ் நாவல்களில் தேடும்போது, நமக்கு முதலில் நினைவுக்கு வருவது போரைப் பற்றியதென்று யாரும் கருதாத ஒரு நூல். நம் மாவட்டத்துக்காரர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன் எழுதிய 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' அது.

கதையை வாசகர் பலர் அறிவர். மனைவி பிறனொருவனோடு போய்விட, அவமானம் தாங்காமல் ஊரைவிட்டு வெளியேறியவர் சபாபதிப் பிள்ளை. போரினால் பர்மாவிலிருந்து மக்கள் அகதிகளாய்த் திரும்பிய நாட்களில் பெற்றோர் யாரென்று தெரியாத ஒரு குழந்தை அவர் கைக்கு வருகிறது. அவர் பப்பாவாகவும் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி மம்மாவாகவும் இருந்து அக்குழந்தையை வளர்க்கின்றனர். அவன் பெயர் ஹென்றி. பப்பா இறந்தபின், அவருடைய ஊரான கிருஷ்ணராஜபுரத்துக்கு, பூட்டிக்கிடக்கும் அவர் வீட்டைத் தேடி ஹென்றி வருகிறான். குலம், கோத்திரம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லாத ஒருவனை ஒரு தமிழ்க் கிராமம் எப்படி ஏற்கும்? இதுவே நாவல்.

இதில் போர் எங்கே இருக்கிறது? பின்னோக்கிச் சொல்லப்படும் சில பக்கங்களில் மட்டுமே. எனினும் கதை முழுதும் அதன்மேல்தான் நிற்கிறது. போர் இல்லையேல் ஹென்றி இல்லை. சாதியற்ற மனிதன் ஒருவனைப் படைக்க விரும்பிய ஜெயகாந்தனுக்கு அத்தகையவனை ஈன்றெடுக்கத் தமிழ்நாட்டில் ஒரு தெரு கிடைக்கவில்லை; அகதிகள் நடந்த பாதையைத்தான் நாட வேண்டியிருந்தது. நம் சமூகத்தைப் பற்றி இதைவிடக் கடுமையான விமரிசனம் வேறென்ன?

ஆயினும் ஆசிரியரோடு நாம் சற்று மாறுபட வேண்டிய இடமும் இதுவே. பேரழிவு வந்தால் மனிதரிடையே உள்ள வேலிகள் தாமே சாய்ந்துவிடும், நடுவழியில் எல்லோரும் ஒரே குடும்பமாகிவிடுவர் என்ற எண்ணம் நாவலின் அடியில் ஓடுகிறது. 1942-ன் உண்மைப் பாதை அப்படி இருக்கவில்லை. போருக்கு முன் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1941 டிசம்பர் 23 அன்று நகரின்மேல் குண்டுகள் விழுந்தபின் வெளியேறியவர்களில், பணமும் செல்வாக்கும் உள்ளவர்க்கே கப்பலிலும் விமானத்திலும் இடம் எளிதாய்க் கிடைத்தது. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் மலையும் காடும் கடந்து நடந்தனர். அந்த நடையிலும் வெள்ளையர் வழி, கறுப்பர் வழி என்று வழிகள் பிரிக்கப்பட்டிருந்தன. முன்னதில் உணவும் தங்குமிடமும் மேலாக இருந்தன. காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைக் கொண்டுபோயின. சாவு பேதம் பார்க்கவில்லை. சாவுக்குப் போகும் பாதையில் மனிதர் பேதம் பார்த்தனர்.

அப்படியானால் ஹென்றியை விடுவித்தது போர் அன்று. இறந்தோரையும் இறப்போரையும் தாண்டித்தான் நடந்தாக வேண்டும் என்ற நிலையில், ஒருவர் குனிந்து ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டாரே, அந்தச் செயல்தான் அவனை விடுவித்தது. அது யார் குழந்தை என்று விசாரிக்க அவருக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. ஏரோதின் வாளுக்கு அஞ்சிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு நடந்த சூசையப்பரை வளர்ப்புத் தந்தையாக வணங்கும் நமக்கு இது புதுச் செய்தியன்று. அந்தக் குனிதலை ஜெயகாந்தன் இன்னும் விரிவாக, நின்று எழுதியிருக்கலாம் என்பதே நம் குறை. உரையாடலில் அவ்வளவு தாராளமான எழுத்தாளர், பாதையின் சேற்றையும் பிணநாற்றத்தையும் நமக்குக் காட்டாமல் விரைந்து கடந்துவிடுகிறார்.

அந்தக் குறையை நிரப்ப நாம் ப. சிங்காரத்திடம் போகவேண்டும். இளமையில் இந்தோனேசியாவுக்குப் பிழைக்கப் போய், சப்பானிய ஆட்சிக்காலத்தை அங்கே நேரில் கண்டவர் அவர். 1972-ல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் போர் மேடைக்குப் பின்னால் நிற்பதில்லை. சந்தையிலும் விடுதியிலும் பேச்சிலும் நுழைந்து, ஊரில் கற்ற ஒழுக்கங்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கிறது. அவருடைய பாண்டியன் பழைய நம்பிக்கைகளை இழக்கிறான். அவற்றின் இடத்தில் வைக்கப் புதிதாக ஒன்றும் அவனுக்குக் கிடைப்பதில்லை. போர் கட்டுகளை அறுக்கும், ஆனால் கைக்கு வேறொன்றும் தராது என்பதைச் சிங்காரம் போல் இரக்கமின்றிச் சொன்னவர் தமிழில் அரியர். ஹென்றியின் இனிமைக்குப் பின் பாண்டியனைப் படிப்பது கசப்பு மருந்து குடிப்பது போன்றது. எனினும் படிக்கத்தான் வேண்டும்.

மீண்டும் கிருஷ்ணராஜபுரத்துக்கு வருவோம். ஹென்றியை இலட்சிய மனிதன் என்று புகழ்வோர் உளர். நம் பார்வையில் நாவலின் பெரிய மனிதன் சபாபதியின் தம்பி, லாரி ஓட்டும் துரைக்கண்ணு. ஹென்றிக்குச் சாதியை விடுவதில் சிரமம் ஏது? அவனுக்கு அது இருந்ததே இல்லை. துரைக்கண்ணுவுக்கோ ஊர் உண்டு, உறவு உண்டு, சொத்தில் உரிமையும் உண்டு. அவன் எந்த அகதிப் பாதையிலும் நடக்கவில்லை. எந்தக் குண்டும் அவன் தலைமேல் விழவில்லை. இருந்தும் ஊர்ப் பஞ்சாயத்தின் நடுவில் நின்று, இரத்த உறவு இல்லாத அந்நியனை என் அண்ணன் மகன் என்று ஏற்கிறான். இவ்வளவு எளிதாக ஒரு கிராமம் இணங்குமா என்று ஐயுறுவோர்க்கும் இடமுண்டு. ஆசிரியர் தம் ஊருக்கு வேண்டிய நல்ல மனத்தை வேண்டிய அளவு அளந்து கொடுத்துவிட்டார் என்பது மெய்யே.

நாம் ஐயுறுவதற்குத் தொலைவில் காரணம் தேட வேண்டியதில்லை. ஒரே திருமுழுக்குப் பெற்ற மக்களுக்குள் சவ ஊர்வலம் போகும் வழியும் கல்லறையும் வேறு வேறாக இருந்ததை நம் தமிழகத் திருச்சபை அறியும். நமது புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்து எறையூரில் அது பூசலாக முற்றி, 2008 மார்ச்சில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போயிற்று. அங்கே உலகப்போர் எதுவும் நடக்கவில்லை. ஹென்றி அந்த ஊருக்கு வந்து, 'இது என் பப்பாவின் வீடு' என்று கதவைத் தட்டியிருந்தால், அவனை எந்தத் தெருவுக்கு அனுப்பியிருப்பார்கள்? இறந்தபின் எந்தக் கல்லறையில் வைத்திருப்பார்கள்? நாவலை மூடிவைத்த பின்னும் நம்மைத் தூங்கவிடாத கேள்வி இது. ஜெயகாந்தன் இதைக் கேட்கவில்லை. ஆனால் ஹென்றிக்கு அந்தப் பெயரை வைத்ததன் மூலம் நம் வாசல்வரை அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.