பெயரற்ற புதைகுழிகளும் சட்டத்தின் மொழியும்: கொக்குத்தொடுவாயை முன்வைத்து ஒரு நோக்கு

இறந்தோரை இடத்தாலும் பெயராலும் நினைவிற் கொள்ளல் தமிழர் வாழ்வில் தொன்மையான வழக்காகும். வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கின்றது. பிற்கால நடுகற்கள் பலவற்றில் இறந்தவன் பெயரும் அவன் வீழ்ந்த காரணமும் பொறிக்கப்பட்டன. கல் இருக்கும் வரை, அவ்விடத்தை உழுபவனும் வழிப்போக்கனும் சற்று விலகியே செல்வர். கல்லும் பெயரும் இல்லாதவிடத்து அந்த விலகலை யார் விதிப்பது? இவ்வினாவுக்கு விடை கூறவேண்டியது சட்டமே. இலங்கைச் சட்டம் கூறும் விடை எத்துணை நிறைவானது என்பதை, வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால நிகழ்ச்சியொன்று உரைத்துப் பார்க்க இடந்தருகின்றது.

2023 ஜூன் மாத இறுதியில், முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக நிலந் தோண்டியபோது, மனித எலும்புகளும் உடைகளும் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அவ்வாண்டு செப்டெம்பரில் தொடங்கிய முறையான அகழ்வு, 2024 ஜூலையில் நிறைவுற்றது. மீட்கப்பட்டவை 52 பேரின் எச்சங்கள். அவை 1994க்கும் 1996க்கும் இடைப்பட்ட காலத்தில் புதைக்கப்பட்டவையாகலாம் என அகழ்வை நடத்திய தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவ கருத்துரைத்தார்.

இக்கால எல்லையை ஊரின் வரலாற்றோடு இணைத்து நோக்குதல் வேண்டும். கொக்குத்தொடுவாய் மக்கள் 1984இன் இறுதியில் வெளியேற்றப்பட்டனர்; போர் முடிவுற்ற பின்னரே மீண்டனர். எனவே, குழி வெட்டப்பட்ட காலத்தில் அதனைக் கண்டு நினைவில் வைத்திருக்க ஊரவர் எவரும் ஆங்கிருக்கவில்லை. கல் இல்லாத இடங்களில் ஊராரின் வாய்மொழியே அடையாளமாய் நிற்பதுண்டு. ஈண்டு அதுவும் இல்லாதொழிந்தது. குழாய் வேறொரு பக்கமாகச் சென்றிருப்பின், அந்த 52 பேரும் இன்றும் மண்ணுக்குள்ளேயே இருந்திருப்பர்.

இனிச் சட்டத்தின் மொழியை நோக்குவது பொருந்தும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டம், 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என வரையறுக்கின்றது. கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் கையளிக்கப்பட்ட ஒப்பந்த நாள் அது. அந்நாளுக்குப் பிற்பட்ட எலும்பு, அக்கட்டளைச்சட்டத்தின் காப்புக்கு வெளியே நிற்கின்றது. தண்டனைச் சட்டக்கோவையின் 292ஆம் பிரிவு, புதைகுழியில் அத்துமீறி நுழைதலையும் பிணத்தை அவமதித்தலையும் குற்றமாக்குகின்றது. ஆயினும், பிறர் உணர்வைப் புண்படுத்தும் எண்ணமோ, புண்படும் என்னும் அறிவோ இருந்தாலன்றி அக்குற்றம் நிலைபெறாது. அடியில் என்ன உள்ளதென அறியாது மண்ணைக் கிளறும் இயந்திரத்தை அப்பிரிவு தடுக்கவியலாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்கீழ் நீதவான் மரண விசாரணை நடத்தலாம்; எனினும் பெரும்பாலும் எலும்பு வெளிப்பட்ட பின்னரே அவ்விசாரணைக்கு இடம் ஏற்படுகின்றது.

ஆகவே, சட்டத்தின் கண்ணுக்குப் புதையுண்ட எலும்பு ஒன்றில் தொல்பொருள், அன்றேல் குற்றச் சான்று. ஒரு தாயின் மகன் என்றோ, ஒரு பிள்ளையின் தந்தை என்றோ அழைக்கும் சொல் அதனிடம் இல்லை. இக்குறை மன்னாரில் வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கே 2018இல் சதொச வளாகத்திற் கண்டெடுக்கப்பட்ட எச்சங்கள் 300க்கும் மேற்பட்டோருடையவை. 2019இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு, ஆய்வுக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை எனக் காட்டிற்று. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அம்முடிவை ஐயுற்றனர். கணிப்பு சரியா, தவறா என்பது அறிவியலார் தீர்க்க வேண்டியது. ஆனால் ஓர் ஆய்வுகூட எண்ணைக் கொண்டு எலும்புகள் ஒரு வகையிலிருந்து மறு வகைக்கு மாறக்கூடும் என்பதும், அம்மாற்றத்தில் உறவினருக்கு இடம் ஏதும் வகுக்கப்படவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

பிற்காலச் சட்டங்கள் இக்குறையை ஓரளவு உணர்ந்துள்ளன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், ஐயத்துக்குரிய புதைகுழிகளை அகழ நீதவானிடம் கட்டளை கோரலாம். அகழ்வில் அவதானிப்பாளராகவும் நிற்கலாம். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உறவினர் உண்மையை அறியும் உரிமையை ஏற்கின்றது. எனினும், உரிமை ஏட்டில் ஏறிய அளவுக்கு, நிலத்தைக் காக்கும் கடமை எவர் தலையிலும் ஏறவில்லை. அகழ்வுக்கான நிதியுங்கூட அவ்வப்போது கோரிப் பெறவேண்டியதாகவே உள்ளது. கொக்குத்தொடுவாயில் 2023 நவம்பருக்கும் 2024 ஜூலைக்கும் இடையே பணி தடைப்பட்டுக் கிடந்தமைக்கு நிதித் தாமதமே காரணமாயிற்று.

பிறநாட்டு முன்னுதாரணம் இல்லாமலில்லை. ஐக்கிய அமெரிக்கா 1990இல் பழங்குடியினரின் புதைகுழிகளைக் காக்க இயற்றிய சட்டம், கூட்டாட்சி அரசின் நிலங்களிலும் பழங்குடியினர் நிலங்களிலும் எச்சம் தற்செயலாக வெளிப்பட்டால், வேலையை நிறுத்துதல், அறிவித்தல், இடத்தைக் காத்தல் ஆகிய மூன்றையும் கடமையாக்குகின்றது. எச்சங்கள் மீது வழித்தோன்றல்களுக்கு முதலுரிமை அளிக்கின்றது. தனியார் நிலங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுதல் அதன் குறை. எனினும், எலும்பை யாருடையது என முதலில் வினவும் அதன் முறைமை கற்கத்தக்கது.

இத்தகைய சட்டம் வளர்ச்சிப் பணிகளைத் தாமதப்படுத்தும் என்பார் உளர். மீண்டு வந்த மக்களுக்குக் குடிநீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், குழாயைச் சில முழம் விலக்கிப் பதிக்கலாம்; கலைந்துபோன எலும்புகளை மீண்டும் ஓராளாகக் கூட்டுதலோ அரிது. கண்டவுடன் வேலையை நிறுத்தி அறிவிக்கும் கடமை, அகழ்வுக்கென நிலையான நிதி, மரபணு ஒப்பீட்டுக்கான வசதி, அகழ்வு தொடங்கும் நாளிலிருந்தே உறவினருக்குச் சட்டத்தாற் குறித்த இடம் ஆகிய நான்கும் தேவைப்படுகின்றன. நடுகல்லிற் பெயர் பொறித்தவர்கள் அப்பெயரை அறிந்திருந்தனர். கொக்குத்தொடுவாயின் எச்சங்களைப் பொறுத்தவரை, பெயரைக் கண்டறிவதே முதற்கடன். கல் அதன் பின்னரே நாட்டப்படும்.